மருந்து என்று ஒரு பெயர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன குந்தாரப்பள்ளியைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளின் ஓரமாக, தை பிறந்து மரங்களெல்லாம் பூங்கொத்துகளால் நிறைந்து நிற்கும் நாட்களில், விடியற்காலையில் நடந்து செல்வோருக்கு ஒரு வாசனை நன்கு பரிச்சயமானது. மாம்பூவின் இனிய மணமும், தொண்டையின் அடியில் போய்த் தங்கிவிடும் ஒருவகைக் காரநெடியும் ஒன்றாய்க் கலந்தது அது. "என்ன நெடி?" என்று கேட்டால், தமிழ் பேசுபவர் "மருந்து அடிக்கிறாங்க" என்பார். எல்லைப்புறமாதலால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கராயிருக்கலாம். அவர் "மந்து" என்பார். கன்னடம் பேசுபவர் "ஔஷதி" என்பார். மூன்று பாஷைகள் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பிரதேசத்தில், உயிரைப் போக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு, உயிரைக் காப்பதற்கென்று ஏற்பட்ட பெயரையே மூன்று பாஷைகளும் ஒருமுகமாகச் சூட்டியிருப்பதை நான் வெகுநாள் யோசித்ததுண்டு. பெயர் பிழையாயின் எச்சரிக்கையும் தளர்ந்துவிடுகிறது என்பதே என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய தோப்பொன்றின் ஓரத்தில் கண்ட காட்சி இன்னும் என் நினைவைவிட்டு அகலவில்லை. நீலநிற டிரம்மில் பால்போல் வெளுத்த கலவையை ஒரு கொம்பால் கலக்கிக்கொண்டிருந்தார் ஒருவர்; அவருக்கருகில், ஐந்து வயதிருக்கும், அவருடைய மகள் ரப்பர் குழாயைப் பிடித்து அந்த டிரம்முக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். "பாப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "மருந்துதானுங்களே சார், ஒண்ணும் ஆவாது. அதுக்கெல்லாம் பழகிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தவர், குழந்தையின் கன்னத்தில் தெறித்திருந்த துளியைத் தம் தோள்மேல் கிடந்த துண்டால் வாஞ்சையோடு துடைத்துவிட்டார். காலையிலிருந்து தம் கைகளைத் துடைத்துக்கொண்டதும் அதே துண்டுதான். அவரைவிட அன்பான தகப்பனை நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் ஆராயப்போவது அன்பின் குறைவையன்று, 'மருந்து', 'பழகிப்போச்சு' என்னும் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் ஒளிந்திருக்கும் விஞ்ஞானப் பிழையையே.

முதல் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். மெய்யான மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது நாம் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கிறோம்! காய்ச்சலுக்கான திரவத்தை வைத்தியர் குழந்தையின் எடை பார்த்து எழுதித் தருகிறார். தாய் அதைக் கோடு கிழித்த சிறு மூடியில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அளந்து ஊற்றுகிறாள். தோப்பில் அடிக்கும் 'மருந்து'க்கு அப்படிப்பட்ட அளவு ஏதுமில்லை. அறுபது கிலோ எடையுள்ள தகப்பனும் பதினைந்து கிலோ எடையுள்ள மகளும் ஒரே அளவு விஷத்தை உட்கொள்ள நேர்ந்தால், ஒரு கிலோவுக்கு என்று கணக்கிடும்போது மகளுக்குக் கிடைப்பது நான்கு மடங்கு. இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. தேகத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஏனெனில் குழந்தை வெறுமனே சிறுத்துப்போன பெரியவரன்று. தன் எடைக்கு ஒப்பிட்டால், அது பெரியவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு காற்றைச் சுவாசிக்கிறது. தண்ணீரும் பாலும் பழமும் பல மடங்கு அதிகமாக உட்கொள்கிறது. அதன் தோலின் பரப்பும் எடைக்கு ஒப்பிட அதிகம். தவிரவும், அதன் மூக்கும் வாயும் தரைக்கு இரண்டடி உயரத்தில், புழுதியும் நெடியும் அடர்ந்து கிடக்கும் மட்டத்தில் இருக்கின்றன. தவழும் குழந்தை உலகத்தைக் கையால் தொட்டு வாயால் ருசித்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கை வாய்க்குப் போகிறது என்பதைத் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உள்ளே போன நஞ்சு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது அவசியம். நம் தோப்புகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் நெடுங்காலமாகப் புழங்கிவந்த மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் முதலியவை ஆர்கனோபாஸ்பேட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு நரம்பின் முனையிலிருந்து அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி செல்ல வேண்டுமானால், அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனம் இடைவெளியைத் தாண்டிச் சென்று தட்டுகிறது. செய்தி சேர்ந்த மறுகணமே, கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்து, அடுத்த செய்திக்கு வழிவிடுகிறது. கதவைத் தட்டியவன் தட்டிக்கொண்டே நிற்காதபடி பார்த்துக்கொள்ளும் காவல்காரன் என்று அந்த நொதியைச் சொல்லலாம். ஆர்கனோபாஸ்பேட் இந்தக் காவல்காரனைத்தான் கட்டிப்போடுகிறது. பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்த ஏற்பாடு ஒன்றேயாதலால், பூச்சியைக் கொல்லும் அதே வழியில் மனிதனையும் அது கொல்லக்கூடும்: வாயில் நீர் ஊறுகிறது, கண் பனிக்கிறது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது, மார்பில் சளி நிறைகிறது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. ஆஸ்பத்திரியில் அட்ரோப்பின் ஊசி போடுவது இந்த வெள்ளத்தைத் தடுப்பதற்கே.

'பழகிப்போச்சு' என்னும் இரண்டாவது வார்த்தை பொய்யாவதும் இங்கேதான். கட்டுண்ட நொதி எளிதில் விடுபடுவதில்லை. தேகம் புதிய நொதியைச் செய்து ஈடுகட்ட வாரங்களாகின்றன, ரத்தத்தின் சிவப்பணுக்களிலோ மாதங்களே ஆகும். அதற்குள் மறுபடியும் மறுபடியும் மருந்தடித்தால், ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறைந்துகொண்டே போகிறதேயன்றித் தேகம் அதற்குப் பழகிக்கொள்வதாக எண்ண நியாயமில்லை. தலைவலியும் சோர்வும் வழக்கமாகிவிட்டபடியால் மனம்தான் பழகிக்கொள்கிறது. குழந்தையின் நிலை இன்னும் மோசமானது. குளோர்பைரிபாஸ் தேகத்தில் உண்டாக்கும் கொடிய வடிவத்தைச் சிதைத்து வெளியேற்ற உதவும் பாராக்சோனேஸ் என்னும் மற்றொரு நொதி, பிறந்த சிசுவிடம் தாயிடம் உள்ளதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று கலிபோர்னியாவில் தாய்சேய்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மூளையோ அந்தக் காலத்தில்தான் அசுர வேகத்தில் வளர்கிறது. அசிட்டைல்கோலின் அந்தப் பருவத்தில் செய்தி கொண்டுபோகும் தூதன் மட்டுமன்று, எந்த நரம்பு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று வழிகாட்டும் மேஸ்திரியும்கூட. வீடு கட்டி முடிந்தபின் மேஸ்திரி இல்லாமற்போவதற்கும், அஸ்திவாரம் எழும்பும்போது இல்லாமற்போவதற்கும் உள்ள வித்தியாசமே, பெரியவருக்கு நேரும் நஞ்சுக்கும் சிசுவுக்கு நேரும் நஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் தேசத்தில் இந்த நஞ்சுகளைப் பற்றிய சட்டமே ஒரு பெரிய துக்கத்திலிருந்து பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், ஃபாலிடால் என்னும் பாரத்தியான் விஷம், ஒன்றாக ஏற்றி அனுப்பப்பட்ட உணவுப்பொருள்களில் கசிந்து கலந்துவிட, கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன. டப்பாவின் மேல் இன்று நாம் காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அந்த விதிகளின் பயன். எழுத்தறியாதவரும் அறியும்படி வண்ணத்தால் எச்சரித்தது நல்ல ஏற்பாடுதான். எனினும் அந்த வண்ணம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனைச்சாலைப் பிராணிகளில் பாதியை ஒரே தடவையில் கொல்வதற்கு எவ்வளவு தேவை என்னும் அளவைக் கொண்டே வண்ணம் நிர்ணயமாகிறது. சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் உட்புகுந்தால் ஒரு குழந்தையின் படிப்புக்கும் நினைவாற்றலுக்கும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த முக்கோணம் விடை சொல்வதில்லை. பச்சை முக்கோணத்தைப் பார்த்து, குழந்தைக்கு ஆபத்தில்லாதது என்று அர்த்தம் செய்துகொள்வது பெருந்தவறு.

1958-க்குப் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதே விபத்து, இம்முறை குழந்தைகளையே தேடி வந்தது. 2013 ஜூலை 16-ஆம் தேதி, பீகாரில் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததாகப் பரிசோதனைச் சாலை கண்டது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் அந்த எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வந்தது. உணவு ஒரு மாதிரியாக இருப்பதாகக் குழந்தைகள் சொன்னதாகவும் எழுதினார்கள். பசித்த பிள்ளைகள், தட்டில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், சாப்பிட்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம் பெற்றது. காய்கறிகளுக்கு அதை உபயோகிக்கக் கூடாதென்று ஏற்கெனவே தடை இருந்தது. அதன் வழக்கமான திரவ வடிவத்தையே மத்திய அரசாங்கம் தடைசெய்ய 2023 வரை ஆயிற்று. கலத்தைப் பற்றியும் 1971-ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகவே பேசுகின்றன: காலியான டப்பாவை உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும். நம்மூர்ப் பரண்களையும் மாட்டுக்கொட்டகைகளையும் ஒருமுறை எட்டிப் பார்த்தால், உடைக்கப்படாமல், கழுவிக் கவிழ்த்து, 'எதற்காவது ஆகும்' என்று பத்திரப்படுத்திய டப்பாக்கள் கண்ணில் படும். ஏழ்மையில் நல்ல மூடியுள்ள பாத்திரம் ஒரு செல்வம். அந்தச் சிக்கனத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் இந்த ஒரு கலத்தில் மட்டும் சிக்கனம் செல்லாது.

மெதுவாகக் கொல்லும் நஞ்சின் கதைக்கு, நம்மைப் போலவே கர்நாடக எல்லையை ஒட்டி வாழும் வேறு ஜனங்களிடம் போக வேண்டும். கேரளத்தின் காசர்கோடு ஜில்லாவில், அரசாங்கத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள்மீது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000-ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தூவப்பட்டது. முந்திரி மேட்டில், வீடும் பள்ளிக்கூடமும் பள்ளத்தாக்கில், குடிதண்ணீரோ மலையைக் குடைந்த சுரங்கங்களிலிருந்து வழிந்து வருவது. மேலே தூவியது கீழே இறங்காமல் எங்கே போகும்? எண்மகஜே பஞ்சாயத்தைச் சேர்ந்த பட்ரே என்னும் ஊரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் மோகன்குமார், தம்மிடம் வரும் பிள்ளைகளிடையே வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் பிறவி ஊனமும் ஏன் இத்தனை என்று கேட்கத் தொடங்கினார். ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூர்ச் சிறுவர்களை வேற்றூர்ச் சிறுவர்களோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் எண்டோசல்பான் இருப்பதையும், பருவமடைதல் தாமதப்படுவதையும் கண்டு, 2003-இல் ஆய்வை வெளியிட்டார்கள். காரியத்துக்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பை மறுத்த நிபுணர்களும் உண்டு. வாதப் பிரதிவாதம் பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2011-ஆம் ஆண்டு மே 13 அன்று உச்சநீதிமன்றம் தேசம் முழுவதும் எண்டோசல்பானைத் தடுத்து நிறுத்தியது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. விஞ்ஞானிகள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் குழந்தைகள் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் மனவளர்ச்சியை அளக்க முயன்ற ஆய்வுகளில் என் மனத்தைத் தொட்டது, மெக்ஸிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் எலிசபெத் கில்லெட் என்னும் மானிடவியலாளர் செய்து 1998-இல் வெளியிட்டது. நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் காகிதமும் வண்ணக்கோலும் கொடுத்து, ஒரு மனிதனை வரையச் சொன்னார். விஷம் தெளிக்காத மலையடிவாரத்துப் பிள்ளைகள் தலை, கை, கால் கொண்ட உருவங்களை வரைந்தார்கள். ஓயாது தெளித்துவந்த சமவெளியின் பிள்ளைகளில் பலர், ஒரே இரத்தம், ஒரே உணவு, ஒரே பழக்கவழக்கம் உள்ளவர்களாயிருந்தும், தொடர்பற்ற கீறல்களையே வரைந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாம் தீர்ந்ததென்று சொல்லலாகாது. ஆனால் அதே வழியைப் பின்பற்றிக் கவிதா குருகண்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் நம் தேசத்தின் ஆறு மாநிலங்களில், தேனி உட்படப் பல இடங்களில் பார்த்தபோதும், மிகுதியாக விஷம் தெளிக்கும் ஊர்களின் குழந்தைகள் பெரும்பாலான பயிற்சிகளில் பின்தங்கியிருந்தார்கள். கலிபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில் பிரெண்டா எஸ்கெனாசி குழுவினர், கர்ப்பகாலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்விலோ, தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட்டின் எச்சம் மிக அதிகமாயிருந்த குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு, மிகக் குறைவாயிருந்தவர்களின் அளவைவிட ஏழு வயதில் சராசரி ஏழு புள்ளி குறைந்திருந்தது. ஏழு புள்ளியை எந்தத் தாயும் தன் குழந்தையின் முகத்தில் கண்டுகொள்ள முடியாது. தீமை கண்ணுக்குத் தெரியாமலிருப்பதே அதன் பெரும்பலம்.

தோப்பும் வயலும் பிழைப்பு. பூச்சி தின்றுவிட்டால் கடன்தான் மிச்சம். பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்கு அனுப்பி ஓர் ஆண்டுச் செலவை ஈடுகட்டும் குடியானவரிடம் 'தெளிக்காதே' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அளவோடும் குழந்தை இல்லாத வேளையிலும் தெளிக்கும்படி கேட்கலாம், அவ்வளவே. ஆனால் இந்தப் பத்திருபது ஆண்டுகளில் இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் வேறொரு விவசாயம் தோன்றியிருக்கிறது. தொழிற்சாலை முகப்புகளிலும், ஓசூர்ப் பக்கத்து மதில் சூழ்ந்த குடியிருப்புகளிலும், கார்கள் நின்றிளைப்பாறும் ஹோட்டல்களிலும் விரித்த கொரியன் புல்தரையே அது. அதிலிருந்து யாரும் ஒரு பிடி தானியம் அறுப்பதில்லை; குழந்தைகள் உருண்டு விளையாடுவது ஒன்றே அதன் மெய்யான பயன். அப்படியிருக்க, அங்கே கரையானுக்கென்று குளோர்பைரிபாஸும், கோரைக்கென்று 2,4-டி போன்ற களைக்கொல்லியும் ஊற்றுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? குழந்தை விளையாடுவதற்கென்று ஓர் இடம் செய்து, அந்த இடத்தைக் குழந்தைக்கு ஆகாததாக்குவதை எந்தக் கணக்கும் ஏற்காது.

புல்தரையில் தெளித்தது புல்தரையோடு நின்றுவிடுவதுமில்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் மார்சியா நிஷியோகா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், புல்தரையில் தெளித்த 2,4-டி, செருப்பிலும் வளர்ப்பு நாயின் பாதத்திலும் ஒட்டி வீட்டுக்குள் வந்து, தரைவிரிப்புப் புழுதியிலும் மேஜைமீதும் படிந்திருந்ததைக் கண்டார்கள். வெளியே வெயிலும் மழையும் மண்ணுயிர்களும் நாளடைவில் சிதைத்துவிடும் பொருள், வீட்டினுள் அந்தச் சிதைவின்றி வெகுநாள் தங்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவைக்கும் நம் பழைய ஆசாரம் இவ்விஷயத்தில் எவ்வளவு அரிய காப்பு என்பது இதனால் விளங்கும். ஆயினும் தெளித்தவரின் லுங்கியும் சட்டையும் குழந்தையின் கவுனோடு ஒரே வாளியில் ஊறினால் அந்தக் காப்பு வீணாகிறது.

கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்னும் சிற்றூரில், ஜூன் இர்வின் என்ற தோல்நோய் மருத்துவர், 1980-களில் நகர்மன்றக் கூட்டங்களுக்கு விடாது சென்று, புல்தரை விஷங்களைப் பற்றி முறையிட்டு வந்தார். 1991-இல் அழகுக்காக மட்டும் பூச்சிக்கொல்லி தெளிப்பதை அவ்வூர் மன்றம் தடைசெய்தது; தெளிக்கும் கம்பெனிகள் வழக்காடின; 2001 ஜூன் 28-ஆம் தேதி கனடாவின் உச்சநீதிமன்றம் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. பிறகு க்யூபெக்கும், 2009-இல் ஒன்டாரியோவும் மாகாணம் முழுவதற்கும் அத்தகைய விதி செய்தன. சில ஆயிரம் ஜனங்களே உள்ள ஓர் ஊர் அது. நம் பஞ்சாயத்துகளில் பல அதைவிடப் பெரியவை. கிராமசபையில் இவ்விஷயத்தை எழுப்ப யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தை மாதத்துப் பூவுக்கு இன்னும் அவகாசம் இருக்கும் இந்த நாட்களிலேயே, இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் பரணையும் கொட்டகையையும் ஒருமுறை பாருங்கள். காலி டப்பா கிடந்தால், இனி எதற்கும் ஆகாதபடி துளையிட்டு, கிணற்றுக்கும் வீட்டுக்கும் தொலைவில் புதைத்துவிடுங்கள். மீதமிருக்கும் புட்டியைப் பூட்டி வையுங்கள். டிரம்மில் கலக்கும்போது குழந்தை தண்ணீர் கொண்டுவர வேண்டாம். அது என்ன என்று அவள் கேட்டால், மருந்து என்று சொல்லாதீர்கள். விஷம் என்று சொல்லுங்கள்.